செத்தவீட்டில் குடிக்காத கோப்பி

கனடாவுக்குப் போய் நயாகரா பாக்காமல் திரும்பின ஒரே யாழ்ப்பாணத்து மனிசி நானாகத்தான் இருப்பன். வந்த நாளில இருந்து அயலட்டை முழுக்க "நயாகரா எப்பிடி?" எண்டுதான் கேக்குது. நான் பாத்தது ஒரு சுவர். அதைச் சொன்னால் படலையில நிண்டு கேக்கிறவைக்கு விளங்காது. அதுதான் இருந்து எழுதிறன்.

அண்ணை வீடு மாறுறார் எண்டுதான் போனனான். ரொறொன்ரோவில கீல் வீதிக்குக் கிட்ட முப்பது வருசம் இருந்த வீட்டை வித்துப்போட்டு, மகளோட நகரத்துக்கு வெளியில விட்பி எண்ட இடத்துக்குப் போகினம். அண்ணைக்கு முழங்கால் ஏலாது, மச்சாளுக்கு இடுப்பு ஏலாது, மகள் துளசிக்கு நேரம் ஏலாது. "பிள்ளை, நீ ஒருக்கா வந்து நிண்டால் உதவியா இருக்கும்" எண்டு ரிக்கற் அனுப்பினார். தபால் கந்தோரில காலம் முழுக்கப் பொதி கட்டின கை எண்டு நினைச்சிருப்பார் போல.

விமான நிலையத்தில ஒரு பெடியன் என்ர ஒடியல் மாவை முகர்ந்து பாத்து முகத்தைச் சுழிச்சான். இது என்ன எண்டு கேட்டான். கிழங்கு எண்டன். என்ன கிழங்கு எண்டான். பனங்கிழங்கை வெயிலில காய விட்டு இடிச்ச கதையை நான் ஆருக்கு இங்கிலீசில சொல்லிறது? "உடம்புக்கு நல்லது தம்பி" எண்டன். பயந்துபோய் விட்டிட்டான்.

அண்ணையின்ர வீடு செமி. அதாவது ஒரு கட்டடத்தை நடுவால சுவர் வைச்சுப் பிரிச்சு ரண்டு வீடாக்கி வைச்சிருக்கிறாங்கள். ஒரே கூரை, ஒரே விறாந்தை, விறாந்தைக்கு நடுவில இடுப்பளவுக்கு ஒரு இரும்புக் கம்பி. முன்பக்கம் செங்கல்லில வளைவு வளைவா வைச்சு வடிவாக் கட்டியிருந்தது. "இத்தாலிக்காரன் கட்டினது பிள்ளை, ஆனை வந்து முட்டினாலும் அசையாது" எண்டார் அண்ணை, ஏதோ தான் கல்லுச் சுமந்த மாதிரி.

கம்பிக்கு அந்தப் பக்கம் கறுப்பு உடுப்போட ஒரு கிழவி இலை கூட்டிக்கொண்டு நிண்டா. நான் சிரிச்சன். என்னைப் பாத்தா, அண்ணையைப் பாத்தா, விளக்குமாறையும் கொண்டு உள்ளுக்கை போட்டா. கதவு அடிச்ச சத்தத்தில என்ர நித்திரை முறிஞ்சுது.

"ஆர் அண்ணை அது?"

"அங்கால பாக்காதை. குளிர் அடிக்குது, உள்ளுக்கை வா."

அடுத்த நாள் றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிட்டைக் கூட்டிக்கொண்டு போனார். கார் இல்லாதவனைப் பிள்ளையாரும் கைவிட்டிடுவார் போல, அவ்வளவு தூரம். எங்கட ஊரில பிள்ளையார் முச்சந்திக்கு முச்சந்தி வந்து நிப்பார். இஞ்ச நாங்கள்தான் ஹைவே எடுத்துப் போகவேணும். பொங்கல் நல்லா இருந்தது, வடை ஆறிப்போச்சு. திரும்பி வரேக்கை அண்ணை தானாக் கதைக்கத் தொடங்கினார்.

"அவாவுக்குக் கொன்செத்தா எண்டு பேர். புருசன் ரொக்கோ. கூடப்பிறந்தவன் கூட அவ்வளவு செய்திருக்க மாட்டான் பிள்ளை. முதல் வருசம் வாசலில கொட்டின சினோப் பனியைத் தள்ளத் தெரியாமல் முழிச்சுக்கொண்டு நிண்டன், மனிசன் வந்து என்ர கையில இருந்த சவளைப் பறிச்சுத் தள்ளிக் காட்டிச்சுது. ஆவணி மாசம் கூடை கூடையாத் தக்காளிப்பழம் வாங்கிக் கூழாக்கி, போத்திலில அடைச்சு, கராஜுக்கை பெரிய தகரப் பீப்பாயில அவிப்பினம். நானும் விடிய எழும்பிப் போய் நிப்பன். எங்களுக்கும் பங்கு வரும்."

"பேந்து என்ன நடந்தது?"

"நாலு வருசத்துக்கு முன்னம் ரொக்கோ செத்துப் போச்சுது. வேலைக்கு லீவு போட்டிட்டு நிண்டனான். சேர்ச்சுக்குப் போனன், சவக்காலைக்குப் போனன், வீட்டிலயும் போய் இருந்திட்டு முறைப்படி எழும்பி வந்தன். ஒரு குறை வைக்கேல்லை. அண்டையில இருந்து மனிசி முகம் குடுக்கிறேல்லை. குட்மோர்னிங் சொன்னாலும் காது கேளாத மாதிரிப் போவா. நானும் விட்டிட்டன். எனக்கு மட்டும் ரோசம் இல்லையோ?"

சிவப்பு லைற்றில கார் நிண்டுது. அண்ணை ஸ்ரேறிங்கைப் பிடிச்சபடி சொன்னார், "வீட்டை விக்கிறது எனக்குக் கவலை இல்லை. இப்பிடி மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு பிரியிறதுதான் நெஞ்சுக்கை கிடந்து அறுக்குது. ரொக்கோவுக்கு நான் என்ன பதில் சொல்லிறது?"

எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. எங்கட ஊர்ச் சண்டை எண்டால் காரணம் கண்ணுக்குத் தெரியும். வேலிக் கதியாலை அரை அடி தள்ளி நட்டிருப்பான், இல்லாட்டித் தென்னோலை அடுத்த வளவுக்கை விழுந்திருக்கும். இஞ்ச தள்ளி நட வேலியும் இல்லை. செத்தவீட்டுக்குப் போனவனோட என்ன கோபம்?

மூண்டாம் நாள் மல்வேர்னுக்குத் தனியாப் போனன். என்னோட படிச்ச சரோ அங்க இருக்கிறாள். வாசலிலயே கட்டிப்பிடிச்சு அழுதாள், பிறகு இடியப்பமும் கணவாய்க் கறியும் போட்டுப் பழிவாங்கினாள். வயிறு நிறைஞ்சால் எனக்குப் புத்தி வேலை செய்யிறேல்லை. திரும்பேக்கை எதிர்ப்பக்க பஸ்ஸில ஏறிக் குந்திவிட்டன். கனநேரம் போனபிறகு பக்கத்தில இருந்த தமிழ்ப் பிள்ளை காதில இருந்த வயரைக் கழட்டிப்போட்டு, "அன்ரி, உது ரோங் வே. நீங்கள் கிராஸ் பண்ணி மற்ற சைட்டில எடுக்கோணும்" எண்டுது. இறங்கினால் மழை. ஒரு பஸ் என்னைப் பாத்தும் நிக்காமல் போச்சு. அந்த விசயத்தில கனடாவும் எங்கட ஊரும் ஒண்டுதான்.

ஒருமாதிரி வீட்டடிக்கு வந்து சேர்ந்தால் திறப்பு மற்ற ஹான்ட்பாக்கில. அண்ணையாக்கள் லோயரிட்டைப் போட்டினம். போனும் செத்துப் போச்சு. நனைஞ்ச கோழி மாதிரிப் படியில குந்தி நடுங்கிக்கொண்டு இருந்தன். கம்பிக்கு அந்தப் பக்கக் கதவு திறந்தது.

"உள்ள வா. இதில இருந்து நீ செத்தால் அதுக்கும் என்னைத்தான் குற்றம் சொல்லுவினம்."

கொன்செத்தாவின்ர இங்கிலீசு பாதி, மிச்சம் இத்தாலிப் பாசை. என்ர இங்கிலீசு தபால் கந்தோர் இங்கிலீசு. ரண்டு பேரும் கையாலயும் கதைச்சம். எனக்கு விளங்கினதைத் தமிழில எழுதிறன்.

உள்ளுக்கை போனவுடன ஒரு குசினி. பளிங்கு மாதிரி, ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. அவா அதில நிக்காமல் விறுவிறெண்டு பேஸ்மென்டுக்கு இறங்கினா. அங்க இன்னொரு குசினி. உள்ளி மணம், கரி பிடிச்ச சட்டி, கயித்தில தொங்கிற செத்தல் மிளகாய். "மேல இருக்கிறது?" எண்டு கேட்டன். "அது ஆக்கள் பாக்கிறதுக்கு. சமைக்கிறது இஞ்ச" எண்டா. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சுவருக்கு அந்தப் பக்கம் மச்சாளும் கராஜுக்கை கேஸ் அடுப்பு வைச்சுத்தான் மீன் பொரிக்கிறா, மேல் அடுப்பு வாங்கின மாதிரியே கிடக்கு. கையைக் காலை ஆட்டி இதைச் சொன்னன். கிழவியின்ர வாய் ஒரு பக்கத்தால கொஞ்சம் இளகிச்சுது.

சுவரில கலியாணப் படம். மாப்பிளை மாதிரி நிக்கிறவர் ரொக்கோ இல்லையாம், ரொக்கோவின்ர தம்பியாம்! ரொக்கோ அந்த நேரம் இஞ்ச மண் வெட்டிக்கொண்டு நிண்டவர். இத்தாலியின்ர தெற்கில, கலாப்ரியாவில, அவையின்ர ஊர்ச் சேர்ச்சில தமையனுக்குப் பதிலா தம்பி நிண்டு மோதிரம் போட்டிருக்கிறார். அப்பிடிக் கன பொம்பிளையள் கலியாணம் கட்டிக் கப்பல் ஏறினவையாம். இவாவும் ஹலிபக்ஸ் துறைமுகத்தில இறங்கி, ரயில் பிடிச்சு, கையில ஒரு படத்தை வைச்சுக்கொண்டு ஸ்ரேசனில புருசனைத் தேடியிருக்கிறா. "படத்தில மயிர் இருந்தது. ஆளில இல்லை" எண்டா. எங்கட மச்சாளும் படத்தைப் பாத்துப் பிளேன் ஏறினவாதான். அண்ணையின்ர படத்திலயும் மயிர் இருந்தது.

சாமிக்குப் படைக்கிற அளவில ஒரு சின்னக் கோப்பையில கோப்பி வந்துது. கைப்பெண்டால் வேப்பங்காய் தோத்துப்போகும். ஒரே மூச்சில குடிச்சன். அவா கோப்பையையே பாத்துக்கொண்டு இருந்தா.

"நீ குடிக்கிறாய்."

"தந்தால் குடிக்கத்தானே வேணும்."

"உன்ர தமையன் குடிக்கேல்லை" எண்டா. நானும் எத்தினையோ பேற்றை வாயைப் பிடுங்கினவள், இவாவிட்டைப் பலிக்கேல்லை. கார் வந்த சத்தம் கேட்டு எழும்பினன். "நாளைக்குப் பாண் வாங்கப் போறன். வாறதெண்டால் வா" எண்டா கொன்செத்தா.

நாலாம் நாள் மச்சாளிட்டை மட்டும் சொல்லிப்போட்டு வெளிக்கிட்டன். நிலத்துக்குக் கீழ ஓடிற சப்வே ரயிலில போனால் கெதியாப் போகலாம் எண்டன். அவா மாட்டன் எண்டிட்டா. அந்தப் பொந்தைத் தோண்டின ஆக்களில ரொக்கோவும் ஒருத்தராம். ஊர்க்காரன் ஒருத்தன் மண் சரிஞ்சு தாண்டுபோனதைக் கண்ணால கண்ட மனிசன், சாகுமட்டும் அதில ஏறேல்லையாம். அதனால இவாவும் ஏறிறேல்லை. பஸ்ஸிலயும் ஸ்றீட்காரிலயும் மாறி மாறி, வந்த காலத்தில அவையின்ர ஆக்கள் இருந்த கொலிஜ் வீதிக்குப் போய்ச் சேர்ந்தம்.

அங்க ரோட்டுக் கரையில கதிரை மேசை போட்டு இளம் பெடியள் பெட்டையள் கம்பளிச் சட்டையோட இருந்து குடிச்சுக்கொண்டு இருந்தினம். கொன்செத்தா பொல்லால நடைபாதையில தட்டினா. "இதில, இதே இடத்தில, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எங்கட ஆம்பிளையள் நிண்டு கதைப்பினம். பொலிஸ் வந்து, நில்லாதை, நட, நட எண்டு கலைக்கும். வேற எங்க நிண்டு கதைக்கிறது? அறைக்கு ஒரு குடும்பம், ஒரு குசினிக்கு நாலு பொம்பிளையள். இப்ப இதுகள் இதே இடத்தில இருக்கிறதுக்குக் காசு குடுக்குதுகள்."

ரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னமே வந்த ரொக்கோவின்ர சித்தப்பா ஒருத்தர் இருந்தவராம். இத்தாலி எதிரி நாடு எண்டு ஆனவுடன அவரை வீட்டில இருந்து பிடிச்சுக்கொண்டு போய் முகாமில போட்டிருக்கிறாங்கள். திரும்பி வந்தபிறகு மனிசன் வெளியில இத்தாலிப் பாசை கதைக்கிறதையே விட்டிட்டாராம். "எதிரி எண்டு சொல்லிறதுக்கு நீ ஒண்டும் செய்ய வேண்டியதில்லை, தெரியுமோ?" எண்டு என்னட்டைக் கேட்டா. எனக்கோ தெரியாது! எங்களுக்கு உது சொல்லித்தரவோ வேணும்? ஆனால் அவாவின்ர கதையை அவா சொல்லட்டும் எண்டு விட்டன்.

இப்ப அந்த வீதியில அவையின்ர ஆக்கள் இல்லையெண்டே சொல்லலாம். ஆம்பிளையள் கல்லு வைச்சும் கொங்கிறீற் போட்டும், பொம்பிளையள் தையல் பக்டரியில பொத்தான் தைச்சும் காசு சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமா வடக்குப் பக்கம் வீடு வாங்கிப் போட்டினமாம். பிள்ளையள் அதுக்கும் வடக்கே போட்டுதுகள். "காசு கண்டவுடன ஆக்கள் வெளிக்கிட்டிடுவினம். நாங்கள் போனம், இப்ப நீங்கள் போறியள்." மகன் தன்னோட வந்து இரு எண்டு ஒவ்வொரு கிழமையும் ஆக்கினையாம். இவா அசையிறேல்லை. ஏன் எண்டு கேட்டன்.

"எங்கட ரண்டு வீட்டுக்கும் நடுவில நிக்கிற சுவர் ரொக்கோ வைச்சது. அந்த வீதியில பாதி வீடு அவரின்ர கொம்பனிதான் கட்டினது. தான் கல்லு வைச்ச வீட்டைத்தான் வாங்குவன் எண்டு நிண்டு வாங்கினவர்."

வெதுப்பகத்தில சுடச்சுடப் பாண் வாங்கினம். திரும்பி வாற பஸ்ஸில பாணை மடியில வைச்சுக்கொண்டு, யன்னலைப் பாத்தபடி, கேக்காமலே சொன்னா.

"சவக்காலையால வந்து எல்லாரும் என்ர வீட்டில இருந்தினம். உன்ர தமையனும் வந்தார். நான்தான் கோப்பி குடுத்தன். தொடேல்லை. கொஞ்ச நேரத்தால எழும்பினார், எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை, என்ர கையைப் பிடிக்கேல்லை, கள்ளன் மாதிரிப் போட்டார். சரி, துக்கம் எண்டு நினைச்சன். மேல் குசினி யன்னலால பாக்கிறன், அவர் தன்ர வீட்டுக்குப் பின்பக்கம் போய், போட்ட உடுப்போட, தோட்டத்துக் குழாயைத் திறந்து தலையில இருந்து கால்மட்டும் கழுவுறார். என்ர வீட்டுக்கை இருந்து வந்து. சாணி மிதிச்சவன் கழுவுற மாதிரி. ரொக்கோவைத் தாட்டு இன்னும் மண் காயேல்லை."

பஸ்ஸுக்கை இத்தினை பேருக்கு நடுவில எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. "அம்மாவாணை அப்பிடி இல்லை" எண்டு தமிழில கத்திப்போட்டன். பேந்து இங்கிலீசைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னன். எங்கட ஊரில செத்தவீட்டுக்குப் போனால் பச்சைத்தண்ணியும் குடியாமல் வாறவைதான் கனபேர். போட்டு வாறன் எண்டு சொல்லக்கூடாது, சொன்னால் இன்னொரு சாவுக்கு வாறன் எண்ட மாதிரி. வந்து தலையில தண்ணி வார்க்காமல் வீட்டுக்கை கால் வைக்கேலாது. என்ர அம்மா செத்த அண்டைக்கு வந்த அத்தினை பேரும் அப்பிடித்தான் செய்தவை. அண்ணை அதைச் செய்தது உங்களை அந்நியமா நினைச்சு இல்லை, சொந்தத் தமையன் செத்த மாதிரி நினைச்சுத்தான்.

இறங்கிற இடத்துக்குக் கிட்ட வரேக்கை கேட்டா, "அப்ப சாப்பாடு?"

"என்ன சாப்பாடு?"

"எங்கட ஊரில செத்தவீட்டில அடுப்பு மூட்டிறேல்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் சமைச்சுக் கொண்டு வரவேணும். என்ர ஆக்கள் எல்லாம் தூரப் போட்டினம், எனக்குப் பக்கத்து வீடு நீங்கள்தான். நான் மூண்டு நாள் அந்தச் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தன்."

எங்களுக்கும் அதே வழக்கம்தான். எப்பிடிச் சொல்லிறது? தெரியாமல் செய்ததுக்குச் சாட்டு இருக்கு. தெரிஞ்சும் செய்யாமல் விட்டதுக்கு என்ன சாட்டு?

வீட்டுக்கு வந்து பெட்டி அடுக்கிக்கொண்டு நிண்ட ரண்டு பேரையும் இருத்திச் சொன்னன். மச்சாள் தலையில கையை வைச்சா. "நான் அண்டைக்குச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைச்சனான் மச்சாள். வாளிக்கை அடுக்கியும் போட்டன். இவர்தான், 'உதுகள் வெள்ளைக்காரர், உதுகளுக்கு உந்த முறையள் இல்லை, கொண்டுபோய் வெக்கப்படாதை' எண்டு மறிச்சவர்."

அண்ணை கட்டி வைச்ச புத்தகப் பெட்டிக்கு மேல இருந்திட்டார். "நாலு வருசம்" எண்டார். "கதவைத் தட்டி என்ன கோபம் எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தால். ஐயோ, என்ர ரோசத்தில கொள்ளி வைக்க." பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டு கனநேரம் சுவரைப் பாத்தார்.

விடிஞ்சால் ட்ரக் வாற நாள். சட்டி பானை எல்லாம் பெட்டிக்கை போட்டுது. மச்சாள் விடியமுன்னம் எழும்பிப் பெட்டியை வெட்டிச் சட்டியை எடுத்தா. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. துளசி குழம்பிப்போய், "அப்பா, சீரியஸ்லி? மூவர்ஸ் எனி மினிட் வருவாங்கள், எங்க போறியள்?" எண்டாள். "செத்தவீட்டுக்கு" எண்டார் அண்ணை. முழுகி, தோய்ச்ச வேட்டியும் அதுக்குமேல குளிர்ச்சட்டையுமா, கம்பியைச் சுத்திக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். நாங்கள் பின்னால நிண்டம்.

கொன்செத்தா திறந்தா. அண்ணை ஏதோ பாடமாக்கி வைச்சிருந்தவர், அதை விட்டிட்டு வாளியை நீட்டினார். அவா மூடியைத் திறந்து மணந்து பாத்தா.

"ஆறிப்போச்சு" எண்டா. "வாங்கோ, சூடாக்குவம்."

பேஸ்மென்டில நாலு கோப்பை வைச்சா. அண்ணை சீனி வருத்தக்காரன், கோப்பி டொக்டர் விலக்கினது. ஆனாலும் கடைசிச் சொட்டுமட்டும் குடிச்சுப்போட்டுக் கோப்பையைக் கவிட்டுக் காட்டினார். கிழவிக்குக் கண் கலங்கிச்சுது. "ஒவ்வொரு நாளும் விடியக்காலமை சுவருக்குள்ளால உன்ர இருமல் கேக்கும். கோபத்தோட இருந்தன், ஆனால் இருமல் கேட்டபிறகுதான் எழும்புவன். இனி ஆற்றை இருமலைக் கேக்கிறது?" எண்டா.

வெளியில ட்ரக்காரன் ஹோர்ன் அடிச்சான். அண்ணை எழும்பினார். கதவடியில நிண்டு, அவாவின்ர ரண்டு கையையும் பிடிச்சு, "போட்டு வாறன்" எண்டு தமிழிலயே சத்தமாச் சொன்னார். என்ன எண்டு என்னைக் கேட்டா. போய்த் திரும்பி வருவன் எண்டு சொல்லுறார் எண்டன்.

"விட்பி தூரம்" எண்டா கொன்செத்தா. "பொய் சொல்லாதை."

"ஞாயிற்றுக்கிழமை வாறன்."

"ஞாயிறு ஒரு மணிக்கு நான் பாஸ்தா போடுவன். பிந்தினால் குழைஞ்சுபோகும்."

விட்பி வீடு புத்தம் புதுசு. தனி வீடு, நாலு பக்கமும் சொந்தச் சுவர். மரம் இல்லை, ரோட்டில மனிசர் இல்லை, காகம் கூட யோசிச்சுத்தான் பறக்குது. அண்டு பின்னேரம் அண்ணை வெறும் ஹோலில கதிரை போட்டு இருந்து, "ஒரு சத்தமும் இல்லையே பிள்ளை" எண்டார். ரண்டு நாளில நான் பிளேன் ஏறிவிட்டன்.

இஞ்ச வந்து முதல் ஞாயிறு கழியக் கேட்டன், போனியளோ எண்டு. துளசிக்கு வேலையாம், தனக்கு ஹைவேயில ஓடப் பயமாம். அடுத்த கிழமை முழங்கால். அதுக்கடுத்த கிழமை சினோ. ஒருக்கா எடுத்தாவது கதையுங்கோவன் எண்டு பேசினன். அப்பதான் தெரிஞ்சுது, கொன்செத்தாவின்ர போன் நம்பர் ஆரிட்டையும் இல்லை. முப்பது வருசம் பக்கத்துப் பக்கத்தில இருந்ததுகள் நம்பர் வாங்க நினைக்குங்களோ? நானும் கேக்கேல்லை, மடைச்சி.

ஞாயிற்றுக்கிழமை நான் படுக்கப் போற நேரம் அங்க மத்தியானம். கொன்செத்தா பாஸ்தாவை இறக்கி ரண்டு தட்டு வைச்சுப்போட்டு, சுவரைப் பாத்துக்கொண்டு இருப்பா.

நேற்றும் அண்ணைக்கு எடுத்தன். ஒண்டும் கேக்காமலே தானாச் சொன்னார், "அடுத்த கிழமை கட்டாயம் போறன் பிள்ளை."